ஒலி வணிகர் மெய்யப்பர்

பாண்டி நாட்டின் கீழ்ப்பகுதியில் அமைந்தது செட்டிநாடு. ஆற்றுவளம் அற்ற அந்நிலத்தில் செம்மண் மேடுகளும், மழை பெய்தால் நிறையும் கண்மாய்களும், ஊருணிகளுமே மிகுதி. உழவு ஒன்றையே நம்பி வாழ இயலாமையால், அங்கு வாழ்ந்த நகரத்தார் கடல் கடந்து இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று வட்டித் தொழில் புரிந்து பெரும்பொருள் ஈட்டினர். ஈட்டிய பொருளைக்கொண்டு ஊர்களில் நெடிய மாளிகைகளை எழுப்பினர். பர்மாத் தேக்காலாகிய தூண்களும், மேனாட்டிலிருந்து வந்த சலவைக்கற்களும், பேரளவினவாகிய நிலைக்கண்ணாடிகளும் அம்மாளிகைகளை அணி செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் முகப்பிலே புதுப்பொருள் ஒன்றும் வந்து அமர்ந்தது. அதற்குக் கிராமபோன் என்று பெயர். நாட்டு மக்கள் அதனைப் பாட்டுப்பெட்டி என்றனர்.

செக்காலை முதலிய பகுதிகளைத் தன்னகத்தே கொண்ட காரைக்குடி, இந்நாட்டின் தலைமையான ஊர்களுள் ஒன்று. இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இங்கே ஆவிச்சி செட்டியார் என்பவர் ‘ஏவி அண்டு சன்ஸ்’ என்னும் பெயரால் கடை ஒன்று நடத்திவந்தார். அக்கடையில் விற்கப்பட்ட பொருள்களுள் கிராமபோன் இசைத்தட்டுகளும் இருந்தன. ஆவிச்சி செட்டியாருக்கும் இலக்குமி ஆச்சிக்கும் 1907 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28 ஆம் நாள் பிறந்த மைந்தரே மெய்யப்பர். தந்தையாரின் பெயர் முதலெழுத்துகளோடு தம் பெயரின் முதலெழுத்தும் சேர, ஏவி.எம். என்று நாடெங்கும் அறியப்பெற்றவர் இவர்.

மெய்யப்பர் இளமையிலேயே தந்தையாரின் கடையில் அமர்ந்தார். கடையில் அமர்பவர்க்கு நூல்களில் கிடைக்காத கல்வி ஒன்று கிடைக்கும். எவர் எதனை விரும்பிக் கேட்கிறார், எதனைக் கேட்டுவிட்டு வேண்டா என்று வைத்துவிடுகிறார், எந்தப் பாடலுக்காக அயலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார் என்பனவெல்லாம் அவருக்கு நாள்தோறும் பாடங்களாயின. தட்டுகளை வரவழைத்து விற்பவனுக்குக் கிடைக்கும் ஊதியம் சிறிது; அத்தட்டுகளை உண்டாக்குபவனுக்குக் கிடைப்பது பெரிது. அவ்வாறே, எப்பாடல் தட்டில் ஏறவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் உண்டாக்குபவனுடையதே. இவ்வுண்மையைக் கண்டுகொண்ட இளைஞர், காரைக்குடிக் கடையின் எல்லையைக் கடந்து சென்னைக்குச் செல்லத் துணிந்தார்.

அந்நாளில் இசைத்தட்டு எவ்வாறு உண்டாயிற்று என்பதை இங்குச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். பேசிய பேச்சை மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியை 1877 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் அமைத்தார். அவர் கையாண்டது உருளை. பத்தாண்டு கழித்து எமிலி பெர்லினர் என்பவர் உருளைக்கு மாற்றாகத் தட்டையான தட்டினைப் புகுத்தினார். உருளையினும் தட்டு அச்சிட எளிது. அடுக்கி வைக்கவும் எளிது. ஆகவே வணிகம் தட்டின் பக்கமே சாய்ந்தது.

பாடுவோரின் குரல், தொடக்கத்தில் பெரியதொரு குழலின் வாயிலாகச் சென்று ஊசியை அசைத்தது. குழலுக்கு நேரே தலையை நீட்டி உரத்துப் பாடினாலன்றித் தட்டில் ஒலி விழாது. மென்குரலினர்க்கும், வீணை போன்ற நுண்ணொலிக் கருவிகட்கும் அக்காலத்துத் தட்டுகளில் உரிய இடம் கிடைக்கவில்லை. 1925 ஆம் ஆண்டளவில் மின்னாற்றலால் ஒலியைப் பதியும் முறை வந்தது. ஒலிவாங்கி குரலை மின்னசைவாக மாற்ற, அவ்வசைவு ஊசியை இயக்க, சுழலும் மெழுகுத் தட்டில் வரிப்பள்ளம் விழுந்தது. அம்மெழுகின்மேல் மின்முலாம் பூசி உலோக அச்சு எடுத்து, அவ்வச்சினால் அரக்குக் கலவைத் தட்டுகளை அழுத்தி எடுத்தனர். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாட இயலும். ஓர் இராகத்தை நாழிகைக் கணக்கில் ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள், அம்மூன்று நிமிடத்துக்குள் பல்லவி, அநுபல்லவி, சரணம் யாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது. பிழை நேர்ந்தால் மெழுகைச் செதுக்கி மாற்ற வழியில்லை. புதிய மெழுகில் முதலிலிருந்து பாடுதலே வழி. இச்சிறைக்குள் அகப்பட்டதனால் இசைக்கு இழப்பு நேர்ந்தது உண்மையே. எனினும் சபைகளுக்குச் செல்ல இயலாத பல்லாயிரவர் காதுகளை அவ்விசை எட்டியதும் அச்சிறையின் பயனாலேயாம்.

சென்னையில் மெய்யப்பர் நண்பர் சிலரைக் கூட்டாளிகளாகக் கொண்டு சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். இது 1930-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. ஜெர்மனி நாட்டின் ஓடியன் இசைத்தட்டுக் கம்பெனியோடு இந்நிலையம் தொடர்பு கொண்டது. பாடகர்களைத் தேர்ந்து அழைத்தலும், பாடல்களை வரையறுத்தலும், ஊதியம் பேசுதலும், தட்டுகளை ஊர்தோறும் விற்றலும் சென்னையில் நடந்தன. சென்னையில் பதிந்த மெழுகுகள் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று, தட்டுகளாய் அச்சாகித் திரும்பின. ஒலிப்பதிவு செய்த பாடலைப் பாடியவரே கேட்பதற்குப் பல திங்கள் காத்திருக்கவேண்டிய காலம் அது. பாடும்போதே அது நன்றாக அமைந்ததா என்பதைத் தேர்ந்தறியும் செவி ஒன்று கூடத்தில் இருந்தாக வேண்டும். மெய்யப்பர் இசைவாணரல்லர். ஆயினும் கடையில் பழகிய அவருடைய செவி மக்களின் செவியாக இருந்தது. பிற்காலத்தில் அவர் தொழிலுக்கு மூலதனமாய் நின்றது அச்செவியே.

1931 ஆம் ஆண்டில் தமிழ் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. படம் பேசத் தொடங்கியவுடன், இசைத்தட்டு வணிகர்களுக்கு அது அயல்தொழிலாகத் தோன்றவில்லை. அக்காலப் படங்களில் பாடல்கள் இருபது, முப்பது, நாற்பது என்ற கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. பாடலை விற்றவர் படத்தை எடுக்க முற்பட்டதில் வியப்பு இல்லை. மெய்யப்பர் சரசுவதி சவுண்டு புரொடக்ஷன்ஸ் என்னும் பெயரில் ‘அல்லி அர்ஜுனா’ என்ற படத்தைக் கல்கத்தாவில் எடுத்து 1935 இல் வெளியிட்டார். அது தோல்வியுற்றது. அதே ஆண்டில் ‘இரத்னாவளி’யை வெளியிட்டார். அதுவும் தோல்வியுற்றது. இருமுறை கைப்பொருள் இழந்தவன் மூன்றாம் முறை அத்தொழிலின் பக்கம் திரும்பிப் பாராதிருத்தலே வணிக நூல் கூறும் அறிவு என்பர். மெய்யப்பர் அவ்வறிவைக் கைக்கொள்ளவில்லை. பெங்களூரில் திரையரங்கு நடத்திவந்த ஜெயந்திலால் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நிறுவனத்தின் வாயிலாக 1938 இல் வெளிவந்தது ‘நந்தகுமார்’. மராத்தியிலும் எடுக்கப்பெற்ற கண்ணன் கதை அது. சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்த டி. ஆர். மகாலிங்கம் என்னும் சிறுவர் அதில் கண்ணனாகத் தோன்றினார். இப்படம் தமிழ்த் திரை வரலாற்றில் நினைக்கப்படுவதற்கு வேறொரு காரணம் உண்டு.

அதுவரை தமிழ்ப் படங்களில் நடித்தவரே பாடவேண்டும். பாடுவதும் படப்பிடிப்பின்போதே நிகழவேண்டும். ஒலிவாங்கியைக் காமிராவின் கண்ணுக்குப் படாதவாறு மேலே தொங்கவிடுவர்; பக்கவாத்தியக்காரர் மரத்தின் பின்னும் திரையின் பின்னும் ஒளிந்திருந்து வாசிப்பர்; நடிகர் ஒலிவாங்கிக்கு அணுக்கமாக நின்றுகொண்டே பாடுவர். காகம் கரைந்தாலும், வண்டி ஓடினாலும், காமிராவின் இயந்திரமே முனகினாலும் பாடல் கெட்டது, மீண்டும் தொடங்கவேண்டும். இதனால் நடிக்கத் தெரிந்தும் பாட அறியாதவர்க்குத் திரையில் இடமில்லை. பாட அறிந்தவர் நடிப்பறியாராயினும் தலைமைப் பாத்திரம் அவர்க்கே கிடைத்தது.

இத்தடையை நீக்கும் வழியை வங்காளத்தார் 1935 ஆம் ஆண்டில் கண்டனர். கல்கத்தா நியூ தியேட்டர்சாரின் படத்தில் நிதின் போசு அம்முறையைக் கையாண்டார். பாடலை முன்னதாகவே ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்துகொள்வர். பின்னர் படப்பிடிப்புக் களத்தில் அதனை ஒலிபெருக்கியில் முழங்கச் செய்ய, நடிப்பவர் அதற்கு இசைய வாயசைப்பர். இதுவே பின்னணிப் பாடல் முறை. ‘நந்தகுமார்’ படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்னும் அம்மையார் பாட, தமிழ்த் திரையில் இம்முறையை மெய்யப்பர் புகுத்தினார். உடலொருவருடையது, குரலொருவருடையது என்னும் இவ்வேற்பாடு, பொம்மலாட்டத்திலும் தெருக்கூத்தின் பின்பாட்டிலும் பழகிய தமிழ் மக்களுக்குப் பெரிதும் புதுமையாகத் தோன்றவில்லை போலும். அவர்கள் அதனை எளிதில் ஏற்றுக்கொண்டனர்.

1940 இல் தெலுங்கில் ‘பூகைலாஸ்’ என்னும் படத்தையும், 1941 இல் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிச் ‘சபாபதி’ என்னும் நகைச்சுவைப் படத்தையும் மெய்யப்பர் எடுத்தார். ‘சபாபதி’ பெரிதும் பேச்சினால் நடக்கும் படம். முதலாளி ஒன்று சொல்ல, வேலையாள் வேறொன்றாகக் கொள்ளுதலே அதன் நகைச்சுவை. சொல் தெளிவாகக் காதில் விழுந்தாலன்றி அந்நகைச்சுவை விளங்காது. டி. ஆர். இராமச்சந்திரனும் காளி என். இரத்தினமும் நடித்த அப்படத்தை மக்கள் நெடுங்காலம் விரும்பிக் கண்டனர்.

மெய்யப்பரின் முயற்சிகளுள் மிக்க நுட்பம் வாய்ந்தது ‘அரிச்சந்திரா’வே எனலாம். 1943 ஆம் ஆண்டில் ஆர். நாகேந்திரராவ், சுப்பையா நாயுடு முதலியோர் நடிக்கக் கன்னடத்தில் அப்படம் வெளிவந்தது. போர்க்காலமாகையால் பிலிம் சுருளுக்குப் பெருந்தட்டுப்பாடு. ஒரு கதையை இருமுறை படம்பிடிப்பதற்குச் சுருளும் இல்லை, பொருளும் இல்லை. ஆகவே எடுத்த படம் அவ்வாறே இருக்க, அதன் கன்னடப் பேச்சை நீக்கித் தமிழ்ப் பேச்சைப் பொருத்தி 1944 இல் வெளியிட்டார். இந்திய மொழிப் படம் ஒன்று மற்றோர் இந்திய மொழிக்கு இவ்வாறு குரல் மாற்றப்பெற்றது அதுவே முதன்முறை.

இது மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றும். கன்னடமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள். எழுவாய் முன்னும் பயனிலை பின்னும் நிற்கும் முறையும் இரண்டிற்கும் ஒன்றே. ஆயின் வாயசைவின் இலக்கணம் வேறு. உயிரெழுத்துகளுள் இதழ் குவிந்து பிறப்பன இவை, இதழ் குவியாது பிறப்பன இவை என்று நம் இலக்கண நூலார் பிறப்பியலில் வகுத்துள்ளனர். பகர மகரங்கள் பிறக்கும்போது மேலிதழும் கீழிதழும் பொருந்துதல் வேண்டும் என்பதையும் மாணவர் அறிவர். தமிழில் பகரம் முதலாகிய சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் முதலாகத் திரிந்துள்ளன. நம் பால் அவர்க்கு ஹாலு. நம் புலி அவர்க்கு ஹுலி. நம் பூ அவர்க்கு ஹூ. கன்னட நடிகர் ஹாலு என்னும்போது திரையில் இதழ்கள் திறந்தே இருக்கும். தமிழ்க்குரல் பால் என்றால் இதழ்கள் ஒட்டியிருத்தல் வேண்டும். பொருளால் நேரான சொல் வாயால் பொருந்தாமற் போகிறது. எனவே பொருளையும் காத்து, அசையளவையும் காத்து, இதழசைவையும் காக்கும் வேறொரு சொல்லைத் தேடவேண்டும். யாப்புக்குக் கட்டுப்பட்டுச் செய்யுள் இயற்றுவார் படும் பாட்டினும் இது குறைந்ததன்று. திரைப்படத் தொழிலில் தமிழ்ப்புலமைக்கு வேலையில்லை என்று கருதுவோர் இவ்விடத்தைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

1945 இல் வெளியான ‘ஸ்ரீ வள்ளி’யிலும் குரலைப் பற்றிய சிக்கல் ஒன்று எழுந்தது. மகாலிங்கம் முருகனாகவும், குமாரி ருக்மிணி வள்ளியாகவும் நடித்தனர். மகாலிங்கத்தின் குரலோ உச்சத்தில் நின்று ஒலிக்கும் இயல்பினது. அதனோடு ஒப்ப ருக்மிணியின் பாட்டு அமையவில்லை என்று மெய்யப்பர் கருதினார். நடிகையை மாற்ற அவர் விரும்பவில்லை. பாட்டை மட்டும் மாற்றினார். பி. ஏ. பெரியநாயகி அம்மையாரைப் பாடச்செய்து, ருக்மிணியின் வாயசைவுக்கு அக்குரலைப் பொருத்தினார். முன்னே பாடலைப் பதிந்து பின்னே நடிப்பது ஒருவகை. முன்னே நடித்துப் பாடிய வாய்க்குப் பின்னே குரலைப் பொருத்துவது அதனினும் அரிய வகை. படம் பெருவெற்றி பெற்றது. நடிகையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதும் எண்ணத்தக்கதே. தொழிலில் குற்றம் காண்பவர், குற்றத்துக்கு உரியவரின் முகத்தையும் நோக்கவேண்டியவராகிறார்.

இதன்பின் மெய்யப்பர் கூட்டு வணிகத்தை விட்டுத் தம் பெயரால் ஏவி.எம். நிறுவனத்தை 1945 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14 ஆம் நாள் தொடங்கினார். சென்னையிற் படப்பிடிப்பு நிலையம் அமைக்க முயன்றபோது போர்க்காலக் கட்டுப்பாடுகள் குறுக்கிட்டன. வேண்டிய மின்னாற்றல் கிடைக்கவில்லை. வேறொருவராயின் காலம் மாறும்வரை காத்திருந்திருப்பர். அவரோ தம் பிறந்த ஊரை நோக்கினார். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகையோடு கூடிய நிலம் ஒன்று கிடைத்தது. அதனைக் குத்தகைக்குப் பெற்று, கொட்டகையைப் படப்பிடிப்புக் களமாக்கி, சுற்றிலும் கீற்றுக் குடில்களை எழுப்பினார். நடிகர், இசைவாணர், தச்சர், ஒப்பனையாளர், ஒலிப்பதிவாளர் யாவரும் அங்கேயே தங்கி உண்டு உறங்கித் தொழில் செய்தனர். செட்டிநாட்டுப் புன்செய் நடுவே கலைஞர் குடியிருப்பு ஒன்று தோன்றிற்று. சாந்து பூசிய தடித்த சுவர்களும் ஒலியை உறிஞ்சும் தட்டிகளும் உடைய கூடத்தில் செய்யவேண்டிய வேலையைக் கீற்றுக் கொட்டகையில் செய்தல் எளிதன்று. மழை பெய்தாலும் ஓசை. காற்று வீசினாலும் ஓசை. இரவின் அமைதியே அங்கு ஒலிப்பதிவாளர்க்கு உற்ற துணையாக இருந்திருத்தல் வேண்டும்.

அங்கே உருவானதுதான் 1947 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ‘நாம் இருவர்’. ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவியது அது. இசையமைத்தவர் ஆர். சுதர்சனம். கதையினும் மேலாக அப்படத்தை மக்கள் மனத்தில் நிறுத்தியவை அதில் இடம்பெற்ற பாரதியாரின் பாடல்கள். டி. கே. பட்டம்மாள் பாட, சிறுமி குமாரி கமலா ஆடிய காட்சிகளில் விடுதலை வந்துவிட்டதாகவே பாரதியார் களித்துப் பாடிய பாட்டும் ஒன்று. நாடு விடுதலை பெறுவதற்கு அப்போது இன்னும் சில திங்கள் இருந்தன. 1928 ஆம் ஆண்டில் அக்கவிஞரின் தேசிய கீதங்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்ததை நேரில் கண்டவர் அரங்குகளில் அமர்ந்திருந்தனர். அத்தகைய பாடல்களைத் திரையரங்கில் அச்சமின்றி உரத்த குரலில் கேட்டபோது அவர்கள் உள்ளம் எத்துணை நெகிழ்ந்திருக்கும்!

பாரதியார் 1921 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை பின்னாளில் வணிகர் ஒருவரிடம் சென்றிருந்தது. அவ்வுரிமையை மெய்யப்பர் விலை கொடுத்து வாங்கினார். வாழ்ந்த காலத்தில் வறுமையில் உழன்ற கவிஞரின் பாட்டு, அவர் மறைந்தபின் விற்கவும் வாங்கவும் படும் பண்டமாயிற்று. எனினும் சட்டத்தின்படி அதிற் குற்றமில்லை; மெய்யப்பரும் தாம் வாங்கிய உரிமையைப் பயன்படுத்தித்தான் ‘நாம் இருவர்’ முதலிய படங்களை எடுத்தார்.

சிக்கல் 1948 இல் எழுந்தது. நாடக உலகில் புகழ் வாய்ந்த டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்தனர். தம் உரிமை மீறப்பட்டதாக மெய்யப்பர் வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு அனுப்பினார். மகாகவியின் பாட்டு மக்களின் உடைமையன்றோ, அதனைத் தனியொருவர் எங்ஙனம் தடுக்கலாம் என்று டி. கே. சண்முகம் எதிர்த்து நின்றார். இரு தரத்தாரும் தத்தம் நிலையில் நேர்மையுடையவரே. விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பிறர் எடுத்தாளும்போது கேளாதிருத்தல் வணிகர்க்கு இயலாது. தேசிய கீதத்தைப் பாடுதற்கு ஒரு வணிகரின் இசைவு வேண்டும் என்பது கலைஞர்க்குப் பொறுக்கலாகாது. எழுத்தாளர் நாரண. துரைக்கண்ணன் முதலியோர் பாரதியார் பாடல்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்தனர். திருநெல்வேலி சென்று பாரதியாரின் துணைவியார் செல்லம்மாளையும் கண்டனர். ஊர்கள்தோறும் கூட்டங்கள் நடந்தன. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாகாண அரசு அவ்வேண்டுகோளை ஏற்க முன்வந்தது.

இப்போது முடிவு மெய்யப்பரின் கையில் இருந்தது. நீதிமன்றம் சென்றிருக்கலாம். அரசு வாங்க முற்பட்டபோது பன்மடங்கு விலை கேட்டிருக்கலாம். அன்றேல் தாம் கொடுத்த விலையையேனும் திரும்பப் பெற்றிருக்கலாம். அவற்றுள் எதனையும் அவர் செய்யவில்லை. ஒரு காசும் பெறாமல் தம் உரிமை முழுவதையும் அரசிடம் ஒப்படைத்தார். 1949 ஆம் ஆண்டில் பாரதியார் படைப்புகள் நாட்டுடைமையாயின. ஒரு கவிஞரின் படைப்பை அரசே ஏற்று மக்களுக்கு வழங்கும் வழக்கம் தமிழகத்தில் அன்று தொடங்கிற்று. இன்று பாரதியார் பாட்டை எவரும் எவரையும் கேளாமல் அச்சிடலாம், பாடலாம், பதியலாம். அறிவிப்பு அனுப்பியவரும் மெய்யப்பரே, விட்டுக்கொடுத்தவரும் மெய்யப்பரே. முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் கூறுவது அவர் செயலின் அருமையைக் குறைத்துக் காட்டும்.

‘வேதாள உலகம்’ வெளிவந்த 1948 ஆம் ஆண்டை ஒட்டி ஏவி.எம். நிலையம் சென்னைக் கோடம்பாக்கத்தை அடுத்த வடபழனிக்கு இடம்பெயர்ந்தது. 1949 இல் வெளியான ‘வாழ்க்கை’ வைஜயந்திமாலாவை அறிமுகம் செய்தது. அக்கதையே தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பெற்றது. 1952 இல் வேலூர் பி. ஏ. பெருமாளோடு கூட்டாக எடுத்த ‘பராசக்தி’ சிவாஜி கணேசனைத் திரைக்குத் தந்தது. மு. கருணாநிதி எழுதிய உரையாடலுக்காகவே மக்கள் அதனைப் பன்முறை கண்டனர். இவற்றையெல்லாம் விரிப்பின் பெருகும்.

ஆனால் ‘அந்த நாள்’ என்னும் படத்தைக் கூறாது செல்லுதல் தகாது. 1954 இல் வெளிவந்த அப்படத்தில் பாடல் ஒன்றுகூட இல்லை, நடனமும் இல்லை. கொலை செய்தவன் யார் என்பதைப் பலர் வாயிலாக ஆராய்ந்து காணும் கதை அது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணையிற் பெரும்புகழ் பெற்ற அவரே பாடலில்லாப் படத்தை ஆக்கினார். பாட்டு விற்றுத் தொழில் தொடங்கிய மெய்யப்பரே அதற்குப் பொருள் செலவிட்டார். காலடி ஓசையும், கதவின் ஓசையும், துப்பாக்கி வெடியும், அவற்றிடையே நிலவும் அமைதியுமே அப்படத்திற்கு இசையாயின. பாட்டை எதிர்பார்த்து வந்தோர் ஏமாற்றமடைந்தனர். முதலில் வெளியிட்டபோது அப்படம் பொருள் ஈட்டவில்லை. நடுவணரசின் திரைப்படப் பரிசளிப்பில் தமிழுக்குரிய நற்சான்றிதழை அது பெற்றது. இன்று திரைக்கலை பயில்வோர் தேடிக் காணும் தமிழ்ப் படங்களுள் அதுவும் ஒன்று.

1960 இல் ‘களத்தூர் கண்ணம்மா’ கமலகாசனைச் சிறுவராக அறிமுகப்படுத்தியது. 1964 இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தர’த்தில், திரைக்குப் பின்னே நிகழ்வதை மக்களுக்குக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. பாட்டு ஒலிப்பதிவாகும் கூடம், கையசைத்து வழிநடத்தும் எம். எஸ். விசுவநாதன், ஒலிவாங்கி முன் நின்று பாடும் டி. எம். சௌந்தரராஜன், வரிசையாய் அமர்ந்து வாசிக்கும் இசைக்கருவியாளர் ஆகியோர் திரையில் தோன்றினர். கால் நூற்றாண்டுக்கு முன் ‘நந்தகுமார்’ படத்தில் குரல் கொடுத்தவரின் முகத்தை அவையினர் கண்டதில்லை. இப்போது பின்னணிக் குரலுக்கு உரியவர் முன்னணியில் நின்று பாட, மக்கள் அதனையும் காட்சியாகக் கண்டு மகிழ்ந்தனர்.

மெய்யப்பர் தம் வாழ்க்கை அநுபவங்களை நூலாகவும் எழுதியுள்ளார். 1979 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் அவர் மறைந்தார். காரைக்குடிக் கடையில் அவர் விற்ற 78 சுற்றுத் தட்டுகள் அதற்குள் வழக்கொழிந்துவிட்டன. ஊசியும் வரிப்பள்ளமும் அகன்று, காந்த நாடா அடங்கிய சிறு பேழைகள் வீடுகளுக்குள் புகுந்துகொண்டிருந்த காலம் அது. வடபழனி நிலையத்தையும் படத்தொழிலையும் அவருடைய மைந்தர்கள் ஏற்று நடத்தினர்.